மோதினாரின் தொண்டை

கண்டல்முனை மோதினாருக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்ற செய்தி ஊரைச் சுற்றிவர அரை நாள்கூட எடுக்கவில்லை. மற்ற அரை நாளுக்குள் வீட்டுக்கு வைத்தியம் வரத் தொடங்கிவிட்டது.

கொட்டியாரக் குடாவின் கரையில் முந்நூறு வீடுகள் உள்ள ஊர் அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடலோடு சேர்ந்த உப்புநீர்க் களப்பு. மூதூருக்குப் போவதென்றால் உழவு இயந்திரப் பெட்டியில் முக்கால் மணி நேரம் குலுங்க வேண்டும். சண்டை தொடங்கி மின்கம்பிகள் அறுந்த பிறகு அந்த ஊருக்கு மின்சாரம் என்ற பேச்சே இல்லை. பள்ளிவாசலில் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் அதற்குக் கார் பாட்டரி வேண்டும். பாட்டரியைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவர விடமாட்டார்கள். ஒலிபெருக்கிக்குள் குருவி கூடு கட்டிவிட்டது. ஆக, ஏழு வருடமாக ஐந்து நேரமும் அந்த ஊரைத் தொழுகைக்குக் கூப்பிட்டது மோதினார் ஜமால்தீனின் வெறும் தொண்டைதான்.

அதென்ன லேசுப்பட்ட தொண்டையா! அவர் பள்ளி முன்றலில் நின்று காதில் கைவைத்து "அல்லாஹு அக்பர்" என்று எடுத்தாரென்றால், கடலில் வலை இழுக்கிறவனும் கேட்பான், களப்புக் கரையில் மாடு அவிழ்க்கிறவனும் கேட்பான். அவருடைய மனைவி நஜ்முன் நிஸா கலியாணம் முடித்து இருபத்தாறு வருடம். ஒரு நாளைக்கு ஐந்து தரம் கேட்ட குரல். இருந்தும் பாங்கு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் அவளுடைய கை, அம்மியிலோ அகப்பையிலோ, ஒரு கணம் நின்றுவிடும். இதை அவள் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் மனிசனுக்குத் தலை கனத்துவிடும் என்று பயம்.

அப்படிப்பட்ட குரல் தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரிக்கு முன்னால் கரகரக்கத் தொடங்கியது. விடிய எழும்பினால் வாயெல்லாம் புளித்த தண்ணீர். நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிவு. தொண்டையில் ஏதோ உருண்டையாக நிற்கிறது என்று செருமுவார், செருமுவார், ஒன்றும் வராது. ஒரு நாள் சுபஹ் பாங்கில் "ஹய்ய அலல் பலாஹ்" என்ற இடத்தில் குரல் பட்டென்று உடைந்து காற்றாகப் போனது. படுக்கையில் கிடந்த ஊர் எழும்பி உட்கார்ந்துவிட்டது.

பிறகென்ன, வைத்தியம்தான். பக்கத்து வீட்டு றம்ஸியா இஞ்சியும் மிளகும் கொத்தமல்லியும் போட்டுக் காய்ச்சிய குடிநீரை, கண்ணில் தண்ணீர் வருகிற காரத்தில், செம்பு நிறையக் கொண்டுவந்தாள். களப்புக் கரையிலிருந்து தேசிக்காய்ப் புளியில் குழைத்த தேன் வந்தது. பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் அபூதாஹிர் டவுனுக்குப் போனபோது நினைவாக ஒரு பை நிறைய மிண்ட் டொபி வாங்கி வந்தார். சின்ன வெங்காயச் சாறு, சுக்குக் கோப்பி, கருப்பட்டி போட்ட கடும் சாயத் தேத்தண்ணி, ஓதி ஊதிய தண்ணீர். கண்ணூறு பட்டிருக்கிறது என்று ஒருத்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். அவள் போட்ட புகையில் மனிசன் அரை மணி நேரம் இருமினார்.

ஒன்றையும் மறுக்க ஏலாது. பள்ளியின் தொண்டைக்கென்று ஊர் கொடுத்தனுப்புகிறதைத் திருப்பி அனுப்புகிற மனம் யாருக்கு வரும்? "குடிக்காட்டி அதுகள்ர மனம் நொந்து போகும் புள்ள," என்று சொல்லிச் சொல்லி ஜமால்தீன் எல்லாவற்றையும் குடித்தார். இஷா தொழுதுவிட்டு வந்து, சோற்றையும் தின்று, அதற்கு மேல் இரண்டு மூன்று வீட்டுக் குடிநீரையும் வார்த்துக்கொண்டு, விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஊரடங்குக் காலம். விளக்கு எரிந்தால் யாராவது என்னவென்று கேட்பான். இருட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

குடிக்கக் குடிக்கக் குரல் இன்னும் மோசமானது. பாங்கு பள்ளிச் சந்தியைத் தாண்டவில்லை.

நஜ்முன் நிஸாவுக்கு வேறொரு பயம் இருந்தது. ஜமால்தீனின் வாப்பா தொண்டையில் புற்று வைத்து மவுத்தானவர். கடைசி மாதங்களில் எச்சில் விழுங்கும்போது இரண்டு விரலால் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். இப்போது இவரும் அதே மாதிரிப் பிடிக்கிறார். அவள் அதைப் பார்த்தும் பாராதது போல இருந்தாள். வாய் விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடுமே என்ற நடுக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அபூதாஹிர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிசன்தான். கதிரையில் நுனியில் இருந்துகொண்டு தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"ஜமால்தீன் காக்கா, நோன்பு வருது. நோன்பு திறக்கிற பாங்கு களப்புக் கரைக்குக் கேக்க வேணும். கேக்காட்டி அங்கால சனம் எப்பிடித் திறக்கிற? முதல் நோன்பு வரைக்கும் பாப்பம். ஏலாட்டி மூதூர்ல ஒராள் இரிக்கார், நல்ல சத்தம்..."

"ஓம் மரைக்கார், சரிதானே," என்றார் ஜமால்தீன் உடைந்த குரலில். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அபூதாஹிர் வேலிப் படலையைத் தாண்டவில்லை, நஜ்முன் நிஸா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். "போதும் இந்தக் கசாயம். நாளைக்கு டவுனுக்குப் போறம். தொண்டைக்குப் பாக்கிற டொக்டர் சனிக்கிழமைக்கு வாறாராம். நீங்க வராட்டி நான் தனியப் போய், இஞ்ச இப்பிடி ஒரு பயந்த மனிசன் கிடக்கார் எண்டு செல்லிட்டு வருவன்."

மூதூர் இறங்குதுறையில் அடையாள அட்டை காட்டி, பை திறந்து காட்டி, லோஞ்சில் ஏறினார்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தது. திருகோணமலையில் இறங்கி இன்னொரு தரம் பை திறந்து காட்டி, கடைத் தெருவிலிருந்த டிஸ்பென்சரிக்குப் போய்ச் சேரப் பகலாகிவிட்டது.

டொக்டர் ஞானசேகரம் மெலிந்த மனிசர். நடுவில் ஓட்டை போட்ட வட்டக் கண்ணாடி ஒன்றை நெற்றியில் கட்டியிருந்தார். ஜமால்தீனின் கதையைக் கேட்டார், கழுத்தைத் தடவினார். பிறகு நீளக் காம்பு வைத்த ஒரு பெரிய பொத்தான் அளவுச் சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கினார். மூச்சுப் பட்டு ஆவி படியாமல் இருக்கத்தானாம். தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தார்.

"நாக்கை வெளியில நீட்டுங்கோ. பயப்பிடாதேங்கோ, குத்த மாட்டன்."

நாக்கைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் தொண்டையின் பின்பக்கத்தில் வைத்தார். மேசை விளக்கின் வெளிச்சம் நெற்றிக் கண்ணாடியில் பட்டு உள்ளே பாய்ந்தது. நஜ்முன் நிஸா சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓதத் தொடங்கினாள். ஒரு நிமிடம் டொக்டர் கண்ணாடியை அப்படியும் இப்படியும் சரித்துப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் அவள் விதவையாகிவிட்டாள், நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள், எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

"புற்று ஒண்டும் இல்லை," என்றார் டொக்டர். "உங்கட வாப்பாட கதையைச் சொன்னதால முதல் அதைத்தான் பாத்தனான். இல்லவே இல்லை."

அவள் பக்கத்தில் இருந்த வாங்கில் பொத்தென்று இருந்துவிட்டாள்.

டொக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, இஞ்ச வாங்கோ. எனக்குப் பின்னால நிண்டு என்ர தோளுக்கு மேலால பாருங்கோ. ஐயா, நீங்கள் இந்தக் கைக்கண்ணாடியைப் பிடியுங்கோ. பாங்கு சொல்றவர் ஒருக்காத் தன்ர சாமானைப் பாக்க வேணுமெல்லோ?"

அவள் குனிந்து பார்த்தாள். சின்னக் கண்ணாடிக்குள் சிவந்த, ஈரமான ஒரு கிணறு. அதன் நடுவில் இரண்டு வெள்ளைக் கீற்றுகள். முத்துச் சிப்பியின் உட்புறத்து வெள்ளை. மூச்சு விடும்போது அவை விலகி நின்றன.

"ஈ எண்டு சொல்லுங்கோ."

நாக்கு பிடிபட்ட வாயால் ஜமால்தீன் "ஈ" என்றார். இரண்டு கீற்றும் விரைந்து வந்து ஒன்றையொன்று தொட்டு நடுங்கின. சத்தம் வந்தது. மூச்சு விட்டார், விலகின. திரும்பவும் "ஈ". திரும்பவும் வந்து தொட்டன.

"இவ்வளவுதானா?" என்று நஜ்முன் நிஸா தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

"இவ்வளவுதான் அம்மா. ஒரு நகத்தளவு நீளம்."

இருபத்தாறு வருடம்! ஒரு நாளைக்கு ஐந்து தரம்! கடலில் நிற்கிற தோணிகளைத் திருப்பின குரல், முந்நூறு வீட்டைப் படுக்கையிலிருந்து எழுப்பின குரல், தன் கையை அம்மியில் நிறுத்தின குரல், அது இந்த நகத்தளவு வெள்ளைத் துண்டிலிருந்தா வந்தது? அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "ஸுப்ஹானல்லாஹ்" என்று சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜமால்தீன் கைக்கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. நாக்கை இழுத்ததால்தான் என்று பிறகு சாதித்தார்.

டொக்டர் கண்ணாடியை வெளியே எடுத்தார். "வெள்ளை நாண் ரெண்டும் மோசமில்லை. அதுக்குப் பின்பக்கம்தான் வெந்து சிவந்து தடிச்சுக் கிடக்குது. வயித்துப் புளிப்பு மேல ஏறி வந்து சுட்டிருக்கு."

"வயித்துப் புளிப்பா? தொண்டைக்கா?"

"ஓம். வயித்துக்குள்ள இருக்கிற அமிலம் லேசுப்பட்டதில்லை அம்மா. நீங்கள் தெரியாம விழுங்கிற மீன் முள்ளு எங்க போகுதெண்டு நினைக்கிறியள்? அது கரைச்சுப் போடும்."

முள்ளைக் கரைக்கிற தண்ணீரைச் சுமந்துகொண்டா மனிசர் நடமாடுகிறார்கள்? அவள் தன் வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள். "அப்ப வயிறு கரையாதா டொக்டர்?"

"நல்ல கேள்வி. வயிறு தனக்குள்ள வழுவழுப்பா ஒரு பூச்சுப் பூசி வைச்சிருக்குது. நாலைஞ்சு நாளைக்கொருக்காத் தோலையும் புதுசாக்கிக்கொள்ளும். தொண்டைக்கு அந்தக் காவல் இல்லை. உணவுக்குழாய் வயித்தில சேருற இடத்தில தசையால ஒரு வளையம் இருக்கு. சாப்பாடு வந்தாத் திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். இவருக்கு அது தளர்ந்து போச்சு. வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே நீட்டிப் படுத்தா, புளிப்பு அப்பிடியே வழிஞ்சு மேல வரும். சரி, தொண்டைக்கு இவ்வளவு நாளும் என்ன குடுத்தனீங்கள்?"

நஜ்முன் நிஸா பெருமையோடு தொடங்கினாள். மிளகுக் குடிநீர், தேசிக்காய், மிண்ட் டொபி, வெங்காயச் சாறு, சுக்குக் கோப்பி, கடும் சாயம். ஒவ்வொன்றையும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்றும் சொன்னாள். சொல்லச் சொல்ல டொக்டரின் முகம் மாறிக்கொண்டே போனது.

"படுக்கப் போகேக்கையா குடுத்தனீங்கள்?"

"ஓம், படுக்கச் சொட்ட முந்தி. சூடா."

டொக்டர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மிண்ட் அந்த வளையத்தை இன்னும் தளர்த்தும். தேசிக்காயும் மிளகும் வெந்த புண்ணில போய் எரியும். எல்லாரும் நல்ல மனசோடதான் தந்திருக்கினம். ஆனா அம்மா, ஊர் முழுக்கச் சேந்து இவற்ற தொண்டையை எரிச்சிருக்குது."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அந்தச் செம்புகளையெல்லாம் வாங்கி, ஊதி ஆற்றி, கையில் கொடுத்தது அவள்தானே.

டொக்டர் எழுதிக் கொடுத்தார், சொல்லியும் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளிசை. இரவுச் சாப்பாடு பொழுது படுமுன், அதுவும் அரை வயிறு. சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல். தலையணையை அடுக்கினால் வயிறு மடியும், அது சரிவராது. சாரனுக்கு மேலே இறுக்கிக் கட்டுகிற அந்த அகலப் பட்டியைத் தளர்த்த வேண்டும். பத்து நாளைக்குப் பேச்சே கூடாது. பாங்கு ஆறு கிழமைக்கு இல்லை.

"நோன்பு பிடிக்கலாமா?" என்று ஜமால்தீன் கிசுகிசுத்தார்.

"பிடிக்கலாம். குளிசையை விடியப்புறத்து ஸஹர் சாப்பாட்டுக்கு முன்னால போடுங்கோ. ஸஹர் சாப்பிட்டுப் படுக்கிற வேலை மட்டும் வேண்டாம். இது ஒரு நாளில மாறுற வருத்தம் இல்லை, கூடவே வைச்சுப் பழக வேண்டிய வருத்தம். பழைய குரல் முழுக்க வருமா எண்டு என்னால சத்தியம் பண்ண ஏலாது."

ஊருக்குத் திரும்பியதும் நஜ்முன் நிஸா படலையில் நின்றுகொண்டாள். செம்போடு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். ஐயோ, அதைவிடக் கடினமான வேலை உலகத்தில் இல்லை. றம்ஸியா செம்பைப் பிடித்தபடி விக்கித்து நின்றாள்.

"நாங்க குடுத்ததா ராத்தா அவரைக் கெடுத்த?"

"நீ மட்டுமில்ல, நானும்தான். இனி ஒண்டும் தராதீங்க."

"அப்ப நாங்க என்னதான் செய்யிற?"

"ஒண்டும் செய்ய வேணாம். சும்மா இரிந்தாப் போதும்."

றம்ஸியா முகத்தை நொடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சு இல்லை.

வீட்டுக்குள் வேறு கூத்து. செங்கல் வைத்த கட்டிலில் படுத்தால் விடியும்போது இரண்டு பேரும் கால்மாட்டில் குவிந்து கிடந்தார்கள். பட்டியைத் தளர்த்தியதால் மோதினார் ஒரு கையால் சாரனைப் பிடித்தபடியே நடந்தார். பேசக் கூடாதென்பதால் பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் எழுதிக் காட்டினார். சோறு போதும், தண்ணீர் தா என்று எழுதுவார் என்று பார்த்தால், அவர் எழுதியதெல்லாம் ஒரே கதைதான். "கண்டியா? வெள்ளை." இன்னொரு நாள்: "நகத்தளவு." இன்னொரு நாள்: "நான் என்ட சத்தம் எண்டு நினைச்சிக்கிட்டு இரிந்தன். எனக்குள்ள அது இரிக்கிறதே எனக்குத் தெரியாது." அதைப் படித்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

பள்ளியில் அந்த நாட்களில் மரைக்கார்தான் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பாங்கு சொல்லிச் சமாளித்தார். மூன்றாம் கிழமை எரிவு நின்றது. வாயில் புளிப்பு இல்லை. ஐந்தாம் கிழமை பேசினால் குரல் தெளிவாக இருந்தது. தெளிவு, ஆனால் சின்னக் குரல். ஆறு கிழமையும் முடிந்து, நோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆளில்லாத கடற்கரையில் மெல்லப் பாங்கு சொல்லிப் பார்த்தார். நஜ்முன் நிஸா கேட்டுக்கொண்டே அவரை விட்டு விலகி நடந்தாள். மீன்காரரின் வாடிக் குடிசையைத் தாண்டியதும் அலைச் சத்தம் குரலை விழுங்கிவிட்டது. பள்ளிக்கும் களப்புக் கரைக்கும் இடையில் இதைப்போல் நான்கு மடங்கு தூரம் இருந்தது.

"கேட்டிச்சா?" என்றார் அவள் திரும்பி வந்ததும்.

"கேட்டிச்சு," என்று அவள் பொய் சொன்னாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மணலைப் பார்த்தார்.

முதல் நோன்பு. பகல் முழுக்கத் தூறிவிட்டு, அஸருக்குப் பிறகு வானம் வெளித்தது. ஊர் வழக்கமான இரைச்சலில் இருந்தது. நோன்புக் கஞ்சிச் சட்டிகள் மோதின, நெல்லுக் குத்தும் மில்லின் இயந்திரம் புகை கக்கியது, தெருவில் பொடியன்மார் பந்தடித்தார்கள், கடலில் மோட்டர்த் தோணிகள் கரைக்கு ஓடி வந்துகொண்டிருந்தன. நஜ்முன் நிஸா ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். இந்த இரைச்சலுக்குள் அந்தக் குரல் எங்கே போய்ச் சேரும்? நாளைக்கே மூதூர் ஆள் வந்துவிடுவான். மனிசன் அதற்குப் பிறகு வாய் திறக்கப் போவதில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று அவள் நெஞ்சு அடித்தது.

பொழுது குடாவுக்கு மேலே இறங்கும் நேரம், மில் இயந்திரம் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். எண்ணெய் தீர்ந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்து எங்கோ மாவிடித்த உலக்கை நின்றது. பந்து நின்றது. பொடியன்மார் கை கட்டித் தெருவோரம் குந்தினார்கள். கடலில் ஒரு தோணியின் மோட்டர் அணைந்தது, பிறகு இன்னொன்று. தோணிக்காரர்கள் துடுப்பை எடுத்து ஓசையில்லாமல் வலித்து வந்தார்கள். வேலிக்கு அப்பால் றம்ஸியா, அழப் பார்த்த குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, நஜ்முன் நிஸாவைப் பார்த்துத் தலையசைத்து, "சும்மா இரிக்கம்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். சந்தியில் காவலரணில் ஆமிக்காரர்களின் வானொலியில் சிங்களப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யார் போய் என்ன சொன்னார்களோ, அல்லது அவர்களுக்கே என்னவோ போல் இருந்ததோ, அந்தப் பாட்டும் பாதியில் நின்றது.

முந்நூறு வீடுகள் உள்ள ஊரில் தென்னோலை அசைகிற சத்தம் தனியாகக் கேட்டது. சண்டைக் காலத்தில் ஊர் அடங்கி அவள் பார்த்திருக்கிறாள். அது பயத்தில் அடங்கியது. இது அப்படியில்லை.

"அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்."

சின்னக் குரல். எங்கும் உடையவில்லை. அவசரமில்லாமல் வந்தது, வேலி தாண்டியது, வளவு தாண்டியது, பாதி இருண்ட தெருக்களில் நிமிர்ந்து நடந்து போனது. உச்சத்துக்கு ஏறும் இடத்தில் பழைய மாதிரி முழங்கவில்லை. மெல்ல ஏறி, அங்கே நின்று, மெல்ல இறங்கியது. நஜ்முன் நிஸாவின் கண்ணுக்குள் அந்த இரண்டு வெள்ளைக் கீற்றும் வந்து தொட்டு நடுங்கின.

பாங்கு முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் களப்புப் பக்கமே காது கொடுத்து நின்றார்கள்.

பிறகு தூரத்தில், ஊரின் கடைசி வீடுகளுக்கும் அப்பாலிருந்து, களப்புக் கரைப் பிள்ளைகளின் கூச்சல் கிளம்பியது: "பாங்கு சொல்லியாச்சு! நோன்பு திறங்க! பாங்கு சொல்லியாச்சு!"

"திறங்க ராத்தா!" என்று வேலிக்கு அப்பாலிருந்து றம்ஸியா கத்தினாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, பழத்தக் கடிங்க!"

நஜ்முன் நிஸா அழுதுகொண்டே பழத்தைக் கடித்தாள்.